ஹில்தூரின் ஜாமில் கிடந்த ஊசியிலை

ஹில்தூர் சர்ச்சுக்குப் போவது கடவுளுக்காக அல்ல, கரண்டிக்காக. வட ஸ்வீடனில், பீத்தே ஆற்றங்கரையில் இருக்கும் அவள் ஊரில், வருடா வருடம் இலையுதிர்காலத்தில் சர்ச் மண்டபத்தில் பால்ட் விருந்து நடக்கும். துருவிய உருளைக்கிழங்கு மாவுக்குள் உப்புப் பன்றிக்கறியைப் பொதிந்து வேகவைத்த கொழுக்கட்டைதான் பால்ட். அதைப் பிளந்து வெண்ணெய் வைத்து, லிங்கோன் என்னும் புளிப்புக் காட்டுப் பழத்தின் ஜாமைத் தொட்டுக்கொண்டு தின்ன வேண்டும். கறிக்கு எதற்கு ஜாம் என்று கேட்கும் வெளியூர்க்காரனுக்கு இங்கே யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். முப்பத்தொரு வருடமாக அந்த ஜாம் ஹில்தூருடையது. பரிமாறும் கரண்டியும் அவள் கையில்தான்.

அடுப்பில் ஏற்றாத ஜாம். பச்சைப் பழத்தில் சர்க்கரையைக் கொட்டி, கரையும்வரை கிளறுவாள், அவ்வளவுதான். காட்டில் பழம் பறிக்கும் இடத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. செத்துப்போன புருஷனிடமே சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த தூரே இருபது வருடமாகச் சைக்கிளில் பின்தொடர்ந்து பார்த்தான். இரண்டு முறை சதுப்பில் விழுந்ததுதான் மிச்சம்.

இந்த வருடம் ஹில்தூரின் முழங்கால் கைவிட்டுவிட்டது. வாசற்படி இறங்கவே கம்பு வேண்டியிருந்தது. யாரையாவது காட்டுக்கு அனுப்பலாம் என்றால் இடம் தெரிந்துவிடும். ஜாம் இல்லை என்று சொன்னாலோ கரண்டி தூரேயின் தங்கை கைக்குப் போகும். அவள் பழத்தைக் கொதிக்கவைத்தே கொல்பவள். ஒரு வாரம் புழுங்கிவிட்டு, டாக்சி வைத்து நகரத்துக்குப் போய், தெரிந்த முகம் இல்லாத கடையில் ஜாம் வாங்கி வந்தாள். வெட்கமாக இருந்தது.

கடை ஜாம் சுத்தமாக இருந்தது, அதுதான் வில்லங்கம். வீட்டு ஜாம் என்றால் காட்டுக் குப்பை ஏதாவது பல்லில் இடற வேண்டும். தன் கண்ணாடி ஜாடிகளில் அதை மாற்றிவிட்டு, வாசற்படியில் காற்று கொண்டுவந்து போட்டிருந்த ஊசியிலைகளை ஒரு சிட்டிகை அள்ளித் தூவினாள். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது.

விருந்தில் மூன்றாவது பால்டைத் தின்றுகொண்டிருந்த தூரே, பல்லிடுக்கிலிருந்து எதையோ உருவி வெளிச்சத்தில் பிடித்தான். மர ஆலையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவன்.

"ஹில்தூர், இது பைன் ஊசி இல்லையே. மஞ்சளா, மெத்துனு இருக்கு. இது லார்ச்."

"வாயில கெடைச்சதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணாம முழுங்கு."

"நம்ம ஊர்ல லார்ச் மரம் ஒண்ணே ஒண்ணுதான். கல்லறைத் தோட்டத்துல." அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "அடிப்பாவி, என்னைச் சதுப்புல அலையவிட்டுட்டு இத்தனை வருஷமா அங்கேயா பறிச்சே?"

மண்டபத்தில் முள்கரண்டிகள் வாய்க்குப் போகும் வழியில் நின்றன.

ஹில்தூரின் வீடு கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டியது. காற்று எந்த மரத்துக் குப்பையைக் கொண்டுவந்தது என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடையில் வாங்கினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாருடைய வயிற்றுக் கலக்கமும் தீரும். கூடவே கரண்டியும் முப்பத்தொரு வருடப் பெயரும் போகும். கல்லறையில் கை வைத்தவளாக இந்த ஊரில் எப்படியாவது காலம் தள்ளிவிடலாம், கடை ஜாம்காரியாக ஒருநாள்கூட முடியாது.

"ஆமா," என்றாள். "நீ தின்னது உங்கப்பா தலைமாட்டுல பறிச்சது. அதான் அவ்வளவு புளிப்பு."

முதலில் சிரித்தது அந்தச் சர்ச்சின் பெண் பாதிரியார் அம்மாதான். தூரேயின் அப்பாவிடம் கூலி வேலை பார்த்த கிழவர் ஒருவர் தட்டை நீட்டினார். "அந்த ஆளுகிட்டேர்ந்து இப்பத்தான் எனக்கு ஏதோ கெடைச்சிருக்கு. இன்னொரு கரண்டி போடும்மா."

மறுநாள் காலை ஹில்தூர் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அப்பன் செத்து பதினெட்டு வருடமாக அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத தூரே, கல்லறை முன்னால் மண்டியிட்டுக் கிடந்தான். அவ்வழியே வந்த பாதிரியார் அம்மா உருகிப்போய் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அவனுக்கு முன்னாலிருந்த வாளி அவள் கண்ணில் படவில்லை.

கொஞ்ச நேரத்தில் தூரே சுவரோரம் வந்து நின்றான். முழங்காலெல்லாம் மண்.

"ஒரு பழம்கூட விட்டு வைக்கலையே, ஹில்தூர்."

"அடுத்த வருஷம் கொஞ்சம் முன்னாடியே வா," என்றாள் அவள். "வரும்போது அந்த மனுஷனுக்கு ரெண்டு பூவும் கொண்டா."