ஆணி அடிக்காத வீடு

வாசலில் உள்ள பூந்தொட்டிக்கு அடியில் வீட்டுச் சாவி இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தார்கள். தொட்டியைத் தூக்கினேன். இருந்தது. அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. முன்பின் பார்க்காதவனுக்குச் சாவியை இப்படி வைத்துவிட்டுப் போகிறவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஏதோ பொறி வைத்திருக்க வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தால் பீரோவிலேயே சாவி தொங்குகிறது. மேசை இழுப்பறை எதற்கும் பூட்டு கிடையாது. சுவர் முழுக்கப் படங்கள், ஆணிக்குப் பக்கத்தில் ஆணி. என் மனைவி அஞ்சலை ஆசையாக ஓர் இழுப்பறையை இழுத்தாள். "கை வைக்காத. நாளைக்கு எதையாவது காணோம்னு நம்ம தலையில கட்டுவானுங்க" என்றேன். எங்கள் பெட்டிகளைப் பிரிக்காமல் கட்டில் ஓரமாகவே நிறுத்தி வைத்தேன். எந்த நேரமும் கிளம்ப வேண்டி வரலாம்.

இது போர்த்துகல் நாட்டில் ஒரு சின்ன ஊர். சிங்கப்பூரில் இருக்கிற நான் அங்கே எப்படிப் போனேன் என்று கேட்பீர்கள். ஓட்டல் எடுத்துத் தங்கும் பயணம் என் சுபாவத்துக்கு ஒத்து வராது. கஞ்சத்தனம் என்பாள் அஞ்சலை, கணக்கு என்பேன் நான். சாவுக்கும் கல்யாணத்துக்கும் இல்லாமல் ஒருமுறையாவது சும்மா ஊர் பார்க்கப் போக வேண்டும் என்று அவள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் மகள் கவிதாதான் வழி கண்டுபிடித்தாள். இணையத்தில் வீடு மாற்றிக்கொள்கிறார்களாம். அவர்கள் வந்து சிதம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டில் தங்குவார்கள், நாங்கள் போய் அவர்கள் வீட்டில் தங்குவோம், யாரும் யாருக்கும் வாடகை தர வேண்டாம். மனுவேல், தெரேசா என்று வயதான புருஷன் பெண்டாட்டி. சிதம்பரம் கோயிலைப் பார்க்க வேண்டுமாம். இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டாகப் பிடித்து, இரண்டு விமான நிலையங்களில் நாற்காலியில் படுத்துக் கிடந்து, பெட்டியின் எடைக்குப் பயந்து மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அரிசி, பருப்புப் பொடி, சின்ன ரைஸ் குக்கர் எல்லாம் அஞ்சலையின் பையில்.

இதை வாசிக்கிற நம் ஆட்களுக்கு என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாவதைத் தாண்டவில்லை. பண்ருட்டியில் பலாப்பழ லாரிக்கு லோடு ஏற்றியவன். சிங்கப்பூருக்கு வந்து கப்பல் பட்டறையில் துரு சுரண்டினேன். இன்று எனக்கென்று துப்புரவு காண்டிராக்ட் இருக்கிறது, பட்டம் வாங்கியவன் என்னிடம் லீவு கேட்டு நிற்கிறான். சிதம்பரத்தில் பைபாஸ் ஓரமாக நான் கட்டிய மாடி வீட்டைப் பார்த்து, புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார்கள். வருஷத்தில் சில நாள் போய் இருப்போம், மீதி நாளெல்லாம் பூட்டுதான். அப்படிப்பட்ட வீட்டைத்தான் யாரோ இரண்டு பேர் கையில் கொடுத்துவிட்டு இங்கே உட்கார்ந்திருந்தேன். தூக்கம் எப்படி வரும்?

நானும் ஏமாளி இல்லை. முந்தின விடுமுறையிலேயே நல்ல சாமான்களை எல்லாம் மாடி அறைக்கு ஏற்றி, பெரிய பூட்டாகப் போட்டேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை, வெள்ளிப் பாத்திரம், பெட்டியோடு டிவி, எல்லாம் உள்ளே. துணியில் சுற்றிய அப்பா அம்மா படமும் உள்ளே. இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான், வேறு பிரதி கிடையாது. சாவி மச்சானிடம். மச்சான் என்றால் அஞ்சலையின் தம்பி செல்வராசு, கடலூரில் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறான். இரண்டு நாளைக்கு ஒருமுறை பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், எதேச்சையாக வந்த மாதிரி வீட்டை நோட்டம் விட்டு எனக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் தடவை ஒழுங்காகச் சொன்னான். "எல்லா ஜன்னலயும் தெறந்து போட்டுருக்காங்க மாமா." அடுத்த தடவை, "அந்தம்மா வாசல்ல கோலம் போடுது மாமா. கோணலாத்தான் வருது, தெருவே நின்னு சொல்லிக் குடுக்குது" என்றான். மூன்றாவது தடவை அவன் பேசும்போது வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"என்னாடா திங்கற?"

"அந்தய்யா முட்ட தோச மாதிரி ஒண்ணு சுட்டாரு மாமா. உருளக்கெழங்கு போட்டு. ஜோரா இருக்கு."

"உன்ன வேவு பாக்க அனுப்புனா விருந்து சாப்புடுறியா?"

"சாப்புட்டுக்கினேதான் பாக்குறேன் மாமா."

சோற்றைப் போட்டு ஆளை மடக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துபோனது.

இங்கேயும் என்னை விடவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவி லூர்தஸ் தினமும் காலையில் கதவைத் தட்டும். கையில் இரண்டு எலுமிச்சம்பழம். பேசுவது ஒன்றும் புரியாது, ஆனால் கண் மட்டும் என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் போகும். நான் செல்வராசுவை வைத்த மாதிரி அவர்கள் இவளை வைத்திருக்கிறார்கள். எனக்கா தெரியாது? கதவைப் பாதி திறந்து பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சாத்திவிடுவேன். அஞ்சலை அந்தப் பழத்தில் சாதம் கிளறி, எனக்குத் தெரியாமல் கிழவிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்திருக்கிறாள்.

ஒரு நாள் காலை, நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது செல்வராசு கூப்பிட்டான். ஊரில் மதியம் தாண்டியிருக்கும்.

"மாமா, இங்க மழ பிச்சிக்கினு ஊத்துது. மாடி ரூம்பு கதவு இடுக்குல தண்ணி வெளிய வருதாம். பூட்ட தெறந்துடட்டுமா?"

"வருதாம்னா? நீ பாத்தியா?"

"பக்கத்து ஊட்டுப் புள்ளய உட்டு அவுங்க போன் பண்ணாங்க. நான் பஸ்ல இருக்கேன், ஆலப்பாக்கம் தாண்டிட்டேன்."

"அப்ப நீ பாக்கல. தெறக்காத. அந்த ரூம்புல என்னா இருக்குன்னு பாக்க அவுங்களே தண்ணிய ஊத்திட்டு நாடகம் ஆடலாம்."

"மழயக் கூடவா மாமா அவுங்க கொண்டாந்தாங்க?"

அஞ்சலை என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "தம்பி, நீ போயி மொதல்ல பூட்டத் தெற. மாமனாரு மாமியா படம் உள்ள கீது. இவுரு கெடக்குறாரு." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "படத்துல கீற ரெண்டு பேரும் நனையட்டும், உங்க பூட்டு பத்திரமா இருக்கட்டும்" என்றவள் அப்படியே அழ ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து லூர்தஸ் கிழவி. அன்று கதவை முழுக்கத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டது. என்ன என்று அது கையால் கேட்க, நான் மழை, வீடு, தண்ணீர் என்று கையாலேயே பெய்து காட்டினேன். கிழவி தலையாட்டிவிட்டுப் போய் ஒரு குடையைக் கொண்டுவந்து நீட்டியது. வெளியே பளீரென்று வெயில். அஞ்சலை அழுகையிலேயே சிரித்துவிட்டாள். கிழவி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டது. நானும் குடையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

நின்ற எனக்குத் திருப்பாதிரிப்புலியூர் நினைவு வந்தது. அங்கே ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். அப்பா செத்த பிறகு அம்மா இதே படத்தை மாட்டச் சுவரில் ஓர் ஆணி அடித்தாள். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்துவிட்டார். "உங்க அப்பன் ஊட்டுச் செவுரா?" என்றார். அம்மா ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் சோப்பை வைத்துத் தேய்த்து அடைத்தாள். அதன் பிறகு படம் அரிசி டின் மேல்தான் சாய்ந்திருந்தது. எனக்கென்று ஒரு சுவர் கட்டுவேன் என்று அன்றைக்குச் சொன்னேன், கட்டினேன். ஆனால் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த சுவர், பளிங்கு மாதிரி இருந்தது. அதில் ஆணி அடிக்க எவனுக்கு மனசு வரும்? ஒருத்தரும் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். படம் மாடி அறைக்குப் போனது.

செல்வராசு வெகுநேரம் கழித்து வீடியோவில் வந்தான். மாடி ஜன்னல் ஓரமாக மழை இறங்கியிருந்தது நிஜம். மெத்தை உறை மேலே தண்ணீர் குளம் கட்டி நின்றது. மனுவேல் கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு முறத்தால் தண்ணீரை வாரி வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைவிட மூத்தவர். "படம்?" என்றேன். கீழே கூடத்துக்குப் போய்க் காட்டினான். தெரேசா படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, துண்டில் ஒற்றி, மின்விசிறிக்கு அடியில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"மூல ஒண்ணு ஊறிப்போச்சி மாமா. மொகம் ரெண்டும் நல்லாருக்கு."

"வெள்ளிப் பாத்திரம் இருக்கா பாரு" என்றேன். அஞ்சலை என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருந்தது.

பிறகு மனுவேல் வந்து கையில் சுத்தியலை வைத்துக்கொண்டு சுவரைக் காட்டி ஏதோ கேட்டார். "படத்த கீழ வெச்சா மறுபடி நனஞ்சிடுமாம். ஆணி அடிக்கலாமான்னு கேக்குறாரு மாமா" என்றான் செல்வராசு. கூடாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என்னைச் சுற்றி அந்த மனிதரின் சொந்தக்காரர்கள் எல்லாம் படமாக ஆணியில் தொங்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்தச் செவுத்துல?" என்றேன்.

"உள்ள வந்ததும் சோத்துக்கை பக்கம்."

"கோணாம அடிக்கச் சொல்லு."

போர்த்துகலில் உட்கார்ந்துகொண்டு, சிதம்பரத்தில் என் சுவரில் சுத்தியல் விழும் சத்தத்தைக் கேட்டேன். ஒவ்வோர் அடியாக எண்ணினேன். மறுநாள் அஞ்சலை பெட்டிகளைப் பிரித்துத் துணிகளை இழுப்பறையில் அடுக்கினாள். நான் தடுக்கவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். போனதும் ஒவ்வொரு சாமானாகச் சரிபார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. இவ்வளவு நல்லவர்களாக இருக்கக் காரணம் என்ன என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். மறுநாள் காலையில் பால்காரன் கேட்டருகே சைக்கிளை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க யாருங்க? அவுங்க இல்லியா?" என்று கேட்டான். என் வீட்டு வாசலில் நின்று என்னைக் கேட்டான். சொந்தக்காரன் என்றேன். யாருக்குச் சொந்தம் என்பது போல் பார்த்துவிட்டு மணியடித்துக்கொண்டு போனான்.

அன்று கடைத்தெருவுக்குப் போய்விட்டு இருட்டுகிற நேரத்தில் திரும்பினேன். கதவைத் திறந்து, விளக்கைப் போட வலது பக்கம் சுவரைத் தடவினேன். அந்தப் போர்த்துகல் வீட்டில் சுவிட்ச் அந்தப் பக்கம்தான். என் வீட்டில் எந்தப் பக்கம் என்று எனக்குச் சட்டென்று வரவில்லை. தடவிய கையில் படத்தின் கண்ணாடிதான் பட்டது, அதற்கு மேலே ஆணி. ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.