அரைக் கட்டை

என் கணவருக்குக் காது கிடையாது என்று கல்யாணமான முதல் வாரமே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். நான் பன்னிரண்டு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவள். அவர் வாஷியில் ஓர் ஆபீஸில் முப்பத்துச் சொச்சம் வருஷம் குப்பை கொட்டியவர். பாடுவதற்கு வாயைத் திறந்தால் கையைக் காட்டி நிறுத்துவேன். அவரும் நிறுத்திவிடுவார். எங்கள் மாட்டுங்கா வீட்டில் சங்கீதம் என் டிபார்ட்மென்ட், காய்கறி அவர் டிபார்ட்மென்ட்.

அப்படிப்பட்டவர் ரிடையர் ஆன மூன்றாம் மாதம் ஒரு பழைய கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். செம்பூரில் ஒரு மங்களூர்க்காரப் பெண் பியானோ கிளாஸ் நடத்துகிறாளாம், சேர்ந்துவிட்டாராம். இந்த வயசில் எதற்கு என்று கேட்டேன்.

"நவராத்திரிக்கு நம்ம பில்டிங் சொசைட்டி ஹால்ல நீ பாடறயோல்லியோ, அதுல ஒரே ஒரு பாட்டுக்கு நான் கூட வாசிக்கணும். அவ்வளவுதான்."

இத்தனை வருஷமும் நான் பாடும்போது அவர் ஜமக்காளம் விரித்திருக்கிறார், மைக்கைச் சரிசெய்திருக்கிறார். அவருக்குள் இப்படி ஓர் ஆசை இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

மத்தியானம் நான் கண்ணயரும் நேரம் பார்த்து ஆரம்பிப்பார். வெள்ளைக் கட்டைகளில் ஒன்றை அமுக்கி, அடுத்ததை விட்டு, இன்னொன்றை அமுக்கி, மறுபடி ஒன்றை விட்டு, மூன்றாவதை அமுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து ஒலித்தால் ஒரு கார்டு. முதலில் ச, க, ப. அது எனக்கும் சரியாகத்தான் கேட்டது. பிறகு கையை அப்படியே ஒரு கட்டை தள்ளி வைத்து ரி, ம, த என்று அமுக்கினார். நான் படுக்கையை விட்டு எழுந்து வந்தேன்.

"காந்தாரம் இறங்கியிருக்கு. நடுவிரலைப் பக்கத்துக் கறுப்புக்கு ஏத்துங்கோ."

"டீச்சர் வெள்ளைன்னுதானே சொன்னா?"

"டீச்சருக்கு சுருதி தெரியுமோ? இல்லை, உங்களுக்குத்தான் தெரியுமோ?"

எங்கள் சங்கீதத்தில் எங்கிருந்து ஆரம்பிக்கிறோமோ அதுதான் ஷட்ஜம். அவர் எந்தக் கட்டையில் கை வைத்தாலும் என் காது அதையே ஷட்ஜமாக எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் அதே பழைய காந்தாரத்தைத் தேடியது. சில கார்டுகள் சோகமாக ஒலிப்பதற்கென்றே இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. வாரம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கார்டுகளை இப்படித் திருத்தினேன். விரல் பழைய இடத்துக்குப் போனால் புறங்கையில் ஒரு தட்டு தட்டினேன். அறுபது வயது மனிதரின் புறங்கையில்.

அடுத்த கிளாஸ் முடிந்து வந்தவர் கிங்ஸ் சர்க்கிளில் வாங்கிய காய்கறிப் பையைக் கீழே வைத்தார்.

"அது வெள்ளைதானாம். அங்கிள், யே கிஸ்னே சிகாயா, இதை யார் சொல்லிக்கொடுத்தான்னு கேட்டா. குழந்தைகள்லாம் ஒரே சிரிப்பு."

"என்ன சொன்னேள்?"

"நானேதான் தப்பா அமுக்கிட்டேன்னு சொன்னேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் வந்து, சாதாரணமாகக் காபி கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "உங்க காதுக்கு வெள்ளையும் ஒண்ணு, கறுப்பும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன்.

அதற்கப்புறம் அவர் கிடுகிடுவென்று தேறினார். என் சுருதி ஐந்து கட்டை. கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டிவிட்டால், வெறும் வெள்ளைக் கட்டைகளில் வாசித்தாலே ஒலி என் சுருதிக்கு வந்துவிடும். தினமும் அதைச் சரிபார்த்துவிட்டு எனக்காகக் காத்திருப்பார். நான் பாட, அவர் வாசிப்பார். பாட்டின் நடுவில் ஓரிடத்தில், நான் திருத்திக் கெடுத்த அந்தச் சோகமான கார்டு வரும். எத்தனையோ வருஷமாகப் பாடிய வரி அங்கே புதிதாகக் கேட்டது. ஒருநாள் அந்த வரியோடு பாட்டை நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போனேன். நன்றாக இருக்கிறது என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

நவராத்திரி ஆறாம் நாள் எங்கள் முறை வந்தது. ஹால் நிறைய ஜனம். சான்பாடாவிலிருந்து என் நாத்தனார், "அண்ணா வாசிக்கப் போறானாமே" என்று குடும்பத்தோடு வந்திருந்தாள். எல்லோரும் அவரைத்தான் விசாரித்தார்கள். முதல் இரண்டு பாட்டை நான் தனியாகப் பாடி முடித்தபோது கைதட்டல் சுமார்தான். மூன்றாவது அவருடைய பாட்டு. புதுச் சட்டையோடு கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து, விரல்களை வெள்ளைக் கட்டைகளின்மேல் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். நான் பக்கத்திலிருந்த சுருதிப் பெட்டியின் குமிழை அரைக் கட்டை மேலே திருப்பினேன். கை தவறி இல்லை. வேண்டுமென்றேதான்.

முதல் வரி நான் தனியாக. இரண்டாவது வரியில் அவர் சேர வேண்டும், சேர்ந்தார். ஹாலே முகம் சுளித்தது. சுருதிப் பெட்டியும் நானும் ஒன்றாக இருந்தோம், அவர் மட்டும் வெளியே நின்றார். விரலைப் பார்த்தார், பட்டனைப் பார்த்தார். விரலை மாற்றி வைத்தார், இன்னும் மோசமானது. கடைசியில் ஒரு கறுப்புக் கட்டையைக்கூட அமுக்கிப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. அன்று போல நான் பாடியதே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

லிஃப்டில் கீபோர்டை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார்.

"நன்னா வந்திருக்க வேண்டிய பாட்டை நான்தான் கெடுத்துட்டேன், இல்லியோ?"

சொல்லியிருக்கலாம். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்டும் மெதுவாகத்தான் ஏறும்.

"ஆமாம்," என்றேன்.