வெள்ளிக்கிழமைப் படகு

1. படகு வரவில்லை

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஹெச்.எம்.மாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பொன்னேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என்னிடம் படித்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பொய் இல்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஏரிக்கு நடுவே இருக்கும் குப்பத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றி வரும் படகு வரவில்லை. அங்கே ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். ஆறாவதுக்கு எங்களிடம்தான் வர வேண்டும். படகுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டது. மாதச் சம்பளம், யார்தான் விடுவார்கள்? கல்வி அலுவலகத்தில் வேறு படகுக்கு ஏற்பாடு கேட்டேன். "புரபோசல் அனுப்புங்க மேடம், பார்க்கலாம்" என்றார்கள். புரபோசல் போய்ப் பதில் வருவதற்குள் பிள்ளைகள் டிராப் அவுட் ஆகிவிடுவார்கள்.

வலை போடும் வீட்டுப் பிள்ளைகள் சிலரை அவரவர் அப்பாக்கள் தொழிலுக்குப் போகிற வழியில் கொண்டுவந்து விட்டார்கள். எட்டாவது படித்த சந்தியாவுக்கு அந்த வழியும் இல்லை. அவள் வீட்டில் படகும் கிடையாது, வலையும் கிடையாது. அம்மா கன்னியம்மா ஏரிச் சேற்றில் தவழ்ந்து கையாலேயே இறால் பிடிப்பவள். அப்பா செங்கல் சூளைக்குப் போயிருந்தார்.

ஒரு மீன் படகில் தொற்றிக்கொண்டு நானே போனேன். அம்மாவும் மகளும் இடுப்பளவுத் தண்ணீரில் இருந்தார்கள். பிடித்த இறாலைப் போட்டு வைக்கும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் தண்ணீரில் நகர்வார்கள். "ஸ்கூலுக்கு வர்றியாடி?" என்றேன். வாயில் பறி இருந்ததால் சந்தியா தலையை மட்டும் ஆட்டினாள்.

"தல நல்லாதான் ஆட்டுவா. படகு எங்க கீது டீச்சரம்மா?" என்றாள் கன்னியம்மா. "ஒரு வாரம் எறா புடிச்சா கை பழகிடும். அப்பறம் நீ கூப்ட்டாலும் வர மாட்டா. நானும் அப்பிடித்தான் பள்ளிக்கூடத்த விட்டு நின்னேன்."

பிள்ளை படிப்பில் கெட்டிக்காரி.

2. பாடு கேட்ட கதை

அந்த ஏரியில் இன்னாருக்கு இந்த நாள், இந்த இடம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அதை மீறி யாரும் வலையை இறக்க முடியாது. குப்பத்துத் தலைவர் தேசப்பனிடம் போய், பிள்ளைகளைக் கூட்டி வரவும் அதே மாதிரி ஒரு பாடு வையுங்கள் என்றேன்.

அவர் சிரித்தார். "பாடுன்னா மீன் கெடைக்கணும் டீச்சர். இதுல இன்னா கெடைக்கும்?"

"உங்க பேத்தி ஏழாவது பாஸாவா. போதாதா?"

ஊர்க் கூட்டம் போட்டார்கள். நாளுக்கு ஒரு வீடு, அவரவர் படகில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுத் திரும்பக் கூட்டிப் போவது என்று சம்மதித்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தியா பேரைச் சொன்னதும்தான் சிக்கல் வந்தது.

"அவங்களுக்கு ஏரில பாடு இல்லியே டீச்சர். முறை செய்யாத வீட்டுப் புள்ளய எப்பிடி ஏத்தறது? நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பான்" என்றார் தேசப்பன். நல்ல மனிதர்தான். ஆனால் முறை என்று வந்துவிட்டால் சொந்தத் தம்பிக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன். "பாடு விழுந்த ஆளுக்கு உடம்பு சரியில்லன்னா என்ன பண்ணுவீங்க?"

"வேற ஆளுக்குக் குடுப்பான். அவன் பாடு, அவன் இஷ்டம்."

"அப்ப என் பேருக்கும் ஒரு சீட்டு எழுதுங்க."

கூட்டமே சிரித்தது. டீச்சர் சேலையைச் சொருகிக்கொண்டு கழி ஊன்றிப் படகு தள்ளப் போகிறார் என்று ஒருவன் நடித்துக்கூடக் காட்டினான். விளையாட்டாகவே எழுதிப் போட்டார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை விழுந்தது. "என் பாட்டைக் கன்னியம்மாவுக்குக் குடுக்கறேன்" என்றேன்.

தேசப்பன் தாடையைச் சொறிந்தார். தடுக்க அவருக்கு ஒரு முறையும் கிடைக்கவில்லை. "சரி, படகுக்கு எங்க போவா?" என்றார் கடைசியில்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "வெள்ளிக்கெழம நம்ம படகு சும்மாதான கட்டிக் கெடக்குது? நீ தூங்கறதுக்கா அது?"

3. வெள்ளிக்கிழமை

திங்கள் முதல் வியாழன் வரை படகு ஒழுங்காக வந்தது. சந்தியாவும் வந்தாள். ஆனால் என் நினைப்பெல்லாம் வெள்ளிக்கிழமை மேலேயே இருந்தது. ஏரியில் பாடே இல்லாத வீட்டுக் கன்னியம்மா கழி ஊன்றும் படகில் மற்ற அம்மாக்கள் பிள்ளைகளை ஏற்றுவார்களா? படகு காலியாக வந்தால் அவமானத்தில் அவள் மகளை மறுபடி அனுப்பவே மாட்டாள். அன்றைக்குச் சீக்கிரமே போய்க் கரையில் நின்றேன். பெல் அடிக்கும் நேரம் தாண்டியும் படகைக் காணோம். சாமியைக்கூடத் திட்டிவிட்டேன்.

அப்புறம் வந்தது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கன்னியம்மா கழி ஊன்றி வந்தாள். படகு நிறையப் பிள்ளைகள். நடுவில் தேசப்பன், சின்னப் பிள்ளை லைஃப் ஜாக்கெட் ஒன்றை மாட்டிக்கொண்டு, பக்கிள் போட முடியாமல் கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது என்பது நான் போட்ட ரூல்.

"பேத்தி தனியா வர பயந்துக்கிச்சு. அதான் தொணைக்கு" என்றார்.

"பொய் டீச்சர். எங்கம்மாகிட்டயும் மத்த புள்ளைங்க அம்மாகிட்டயும், நானே கூடப் போறேன், ஏத்துங்கன்னு சொன்னாரு. அதான் லேட்டு" என்றது பேத்தி.

கன்னியம்மா உடனே திரும்பவில்லை. நனைந்த சேலையோடு எட்டாவது வகுப்பு ஜன்னல் பக்கத்தில் வந்து நின்றாள். நான் பெயர் கூப்பிட்டேன். "சந்தியா" என்றதும் மகள் எழுந்திருப்பதற்குள் ஜன்னலிலிருந்து "வந்துட்டா டீச்சரம்மா" என்று குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணையும் துடைத்துக்கொண்டேன், அதில் வெட்கம் என்ன?

சந்தியா எட்டாவது முடித்து ஒன்பதாவது சேர்ந்துவிட்டாள். இளம் டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பிள்ளை வரவில்லை என்றால், அப்பா அம்மாவுக்கு அக்கறை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். போய்ப் பாருங்கள். அந்த ஊரில் அந்த வீட்டுக்கு என்ன இடம் இருக்கிறது என்று கேளுங்கள். இடம் இல்லையென்றால், அதை உண்டாக்குவதுதான் முதல் வேலை.

அடுத்த தடவை சீட்டுக் குலுக்கியபோது என்னைக் கூப்பிடவில்லை. விசாரித்தேன். என் பெயரை எடுத்துவிட்டுக் கன்னியம்மா பெயரையே எழுதிப் போட்டிருந்தார்கள். என் சர்வீஸில் என்னைக் கேட்காமல் செய்த காரியம் ஒன்றுக்கு எனக்குக் கோபம் வராதது அந்த ஒரு முறைதான்.