இரட்டை விசில்

என் வீட்டு ஆணியில் சாவிக்கொத்தோடு ஒரு விசில் தொங்குகிறது. கண்டக்டர் அண்ணனுடையது. ஒற்றை விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரட்டை என்றால் கிளம்ப வேண்டும். திருப்பதிக்கும் பிச்சாட்டூருக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் ஒன்பது வருடமாக அந்தச் சத்தத்தை நம்பித்தான் நான் ஸ்டியரிங் பிடித்திருக்கிறேன்.

அன்று நாராயணவனம் நிறுத்தத்தில் பூக்கூடையோடு ஓர் அம்மாள் இறங்கிக்கொண்டிருந்தார். "மெதுவா எறங்கும்மா" என்று அண்ணன் சொன்னது என் காதிலும் விழுந்தது. அடுத்த நொடி இரட்டை விசில். வண்டியை நகர்த்தினேன். அந்த அம்மாள் ரோட்டில் விழுந்தார். முழங்கால் சிராய்ப்போடு போனது எங்கள் நல்ல நேரம். அண்ணனைப் பார்த்துக் கத்தினேன். "நான் விசிலே ஊதலடா நைனா" என்றார். அவர் கையிலிருந்த விசிலில் எச்சில்கூடக் காயவில்லை. இத்தனைக்கும் பொய் சொல்லத் தெரியாத மனிதர். எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

அண்ணி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. சில மாதங்களாக அவருக்கு நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத பயம். டாக்டர் ராத்திரிக்கு மட்டும் எழுதிக்கொடுத்த மாத்திரையை, நிம்மதியாக இருக்கிறதென்று காலையிலும் ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். திருப்பதியில் அந்த டாக்டரைப் பார்க்க நானும் கூடப் போனேன். இந்த வகை மாத்திரை பயத்தை அடக்கும்போது சிலருக்குக் கவனத்தையும் மந்தமாக்கும், பழையது அழியாது, புதிதாக நடப்பதுதான் மனத்தில் தங்காது என்றார். திடீரென்று நிறுத்தவும் கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம்.

அதெப்படி ஒன்று தங்கும், இன்னொன்று தங்காது? திரும்பும் வழியில் அண்ணனைச் சோதித்துப் பார்த்தேன். நாங்கள் முதன்முதலில் ஓட்டிய வண்டியின் நம்பர் கேட்டேன், டக்கென்று சொன்னார். என் கல்யாணத்தில் என்ன குழம்பு என்றேன். சொல்லிவிட்டு, உப்புக் குறைவு என்றும் சேர்த்துக்கொண்டார். "காலையில இன்னா துன்னேண்ணா?" என்றேன். "இட்லி..." என்று இழுத்து என் முகத்தைப் பார்த்தார். அன்று காலை நாங்கள் இருவரும் ஒரே கடையில் பூரி சாப்பிட்டிருந்தோம். என் சிரிப்பு நின்றுபோனது. அவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். "நீயே வச்சிக்கினு இரு. அடுத்த வாட்டி ஆளு செத்தா இன்னா பண்றது?"

மாத்திரையைக் குறைத்து, டாக்டர் சரி என்ற பிறகு, புது விசிலோடு வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த அம்மாள் விழுந்த நாள் மட்டும் அவர் நினைவுக்குத் திரும்பவே இல்லை. போன வாரம் வீட்டுக்கு வந்தவர் ஆணியில் பழைய விசிலைப் பார்த்தார்.

"அன்னிக்கி நெஜமாவே ஊதினேனாடா?"

"ஆமாண்ணா, ரெண்டு விசில்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விசில் கேட்டாலும், படிக்கட்டைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் டிரைவர் வண்டியை எடுக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. பழி மாத்திரைமேல் விழுந்ததும் வாயை மூடிக்கொண்டேன். எந்த மாத்திரையும் சாப்பிடாத எனக்கு அது ஒருநாளும் மறக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதையும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் டீயை முழுசாகக் குடித்து முடித்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா மறந்து தொலைச்சிருப்பேன்டா. இப்ப சொல்லிக்கீற, எப்பிடி மறக்கிறது?"

விசிலை எடுத்துப் பார்த்தார். மறுபடி அதே ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினார்.