ஒரு நாள் ஆள் பாக்கி

ஒரு வாரமாகக் கோகிலா காலையில் எழுந்ததும் தலையில் துண்டை வரிந்து கட்டி, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, வீடு வீடாகப் போய் நின்று "ஏனுங்க, அறுப்பு இருக்குதுங்களா?" என்று கேட்கிறார். சாமை பழுத்துச் சாய்ந்து கிடக்கிற நேரத்தில், அரிவாளோடு வாசலுக்கே வந்து நிற்கிற ஆளுக்கு ஆரத்தி எடுக்க வேண்டும். மலைமேல் குண்டனி நாட்டின் அந்தச் சின்ன ஊரிலோ கோகிலாவைக் கண்டதும் கதவைச் சாத்துகிறார்கள். எல்லாம் யுவராஜ் டீக்கடையில் கிளம்பிய செய்தியால் வந்தது: கோகிலா மலையை விட்டு ஒரேயடியாக இறங்கப் போகிறார்.

யுவராஜ் கடையில் டீயும் சேதியும் ஒரே பாத்திரத்தில்தான் கொதிக்கும், இரண்டிலும் தண்ணீர் சற்றுத் தாராளம். ஆகவே ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

சக்கரம் வைத்த பெட்டி வாங்கிவிட்டார் என்பது கடையின் முதல் ஆதாரம். பெட்டி இருப்பது உண்மை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் சந்தோஷ்குமார் போன தடவை கொண்டுவந்து வைத்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சேலைகூட இல்லை, விளிம்புவரை விதைச் சாமை. "எலிக்கு ஜிப்பு தொறக்கத் தெரியாதுங்க" என்றார் கோகிலா. சக்கரங்களால் என்ன பயன் என்று கேட்டதற்கு, "எங்கூர்ல அதை உருட்டி உட்டா நேரா அடிவாரத்துல சேந்தமங்கலத்துலதான் போயி நிக்கும். பஸ்ஸு காசு மிச்சம்" என்றார்.

பசுவை விற்றுவிட்டார் என்பது பொய். பசு தானாகவே காட்டுக்குள் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறது. திருப்பூரில் லிப்ட் வைத்த வீடு வாங்கியிருக்கிறார்கள் என்பதில் லிப்ட் மட்டும் நிஜம், வீடு வாடகை. கீழே ஒரு ராத்திரிகூடக் கோகிலா தூங்கியதில்லை என்று ஊரே பெருமையாகச் சொல்வது? பேரன் பிறந்தபோது திருப்பூர் ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி இருந்தவர்தானே இவர்?

"படுத்தேனுங்க. தூங்குனாத்தானே கணக்கு?"

ஐம்பது வயதைத் தாண்டிய இந்த வாழ்க்கையின் இடப்பெயர்ச்சி மொத்தத்தையும் ஒரு பலாமரத்தடியில் நின்றபடியே பார்த்துவிடலாம். மரத்துக்கு மேல்புறம் தெரிவது பிறந்த வீடு. கீழ்ப்புறம் தெரிவது வாக்கப்பட்ட வீடு. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணை அழைத்துப் போகிற ஊர்வலம் கிளம்பின வேகத்தில் முடிந்துவிட, மேளக்காரர்கள் மனசு கேட்காமல் பலாமரத்தை மூன்று சுற்றுச் சுற்ற வைத்தார்களாம்.

ஆனால் தூரம் குறைவென்று கோகிலா எந்தச் சடங்கையும் குறைத்துக்கொண்டதில்லை. கணவர் செங்கோடனோடு சண்டை வந்தால் முறையாகத் துணிமூட்டை கட்டுவார். "எங்கூட்டுக்குப் போறேன், இனி இந்த வாசப்படி மிதிச்சா என்னன்னு கேளு" என்று முழங்குவார். பலாமரத்தைத் தாண்டுவார். மேலே அண்ணி ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் வரக்காப்பி கொடுப்பார். அதைக் குடித்து முடிக்கையில் கீழே தன் வீட்டுக் கோழி தானியத்தைக் கிளறுவது கண்ணில் படும். கோழியை விரட்ட இறங்கி வருவார். கோபம் மேலேயே தங்கிவிடும்.

செங்கோடன் இப்போது ஊரில் இல்லை. பேரனின் காதுகுத்துக்குத் திருப்பூர் போனவர், பக்கத்திலேயே டீக்கடை, படுத்தபடியே டிவி என்று கண்டுகொண்டு மூன்று மாதமாக அங்கேயே இருக்கிறார். சண்டை மட்டும் போனில் தொடர்கிறது. ஊரில் பலாமரத்தடியில்தான் சிக்னல் என்பதால் இதற்கு வசதியும் உண்டு. பேசி முடித்துப் போனை அணைத்த கையோடு கோகிலா விறுவிறுவென்று மேல் வீட்டுக்குப் போய்விடுகிறார். அண்ணியும் வழக்கம்போல வரக்காப்பி வைத்துவிடுகிறார்.

பெட்டி, பசு, லிப்ட் எல்லாம் விழுந்தபிறகும் ஊர் நம்புவதற்கு ஒரு காரணம் மிச்சம் இருந்தது. அதுதான் அந்த அரிவாள்.

அந்த ஊரில் அறுப்புக்குக் கூலி ஆள் வைக்கிற வழக்கம் இல்லை. ஆளுக்கு ஆள்தான். என் காட்டில் நீ ஒரு நாள் அறுத்தால் உன் காட்டில் நான் ஒரு நாள் அறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிட வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவினால்தான் நாள் கழிந்தது. சாப்பிடாமல் எழுந்து வந்தால், காடு முழுவதையும் தனியாளாக அறுத்துக் கொடுத்திருந்தாலும் அது வெறும் ஒத்தாசை, பாக்கி அப்படியே நிற்கும். மலையை விட்டுக் குடிபெயர்கிறவர் ஆள் பாக்கி வைத்துவிட்டுப் போகக்கூடாது என்பதும் சேர்ந்த வழக்கம். இந்த வருஷம் கோகிலாவின் சாமைதான் முதலில் பழுத்தது. செங்கோடன் இல்லாததால் நாலைந்து வீட்டார் வந்து அறுத்துக் கொடுத்தார்கள். அத்தனை பாக்கியையும் இப்படி அவசர அவசரமாகக் கழிக்கப் பார்த்தால் ஊர் வேறு என்னதான் நினைக்கும்?

ஊர் நினைத்தது சரி. சந்தோஷ்குமாரின் மனைவி சுமித்ரா மறுபடி வேலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "தாத்தா இருக்காரே" என்று கோகிலா சொல்லிப் பார்த்தார். "அவரையும் சேர்த்துப் பார்த்துக்கத்தாம்மா ஆள் வேணும்" என்று மகன் சொல்லிவிட்டான். இனி ஒரேயடியாக அங்கேயே வந்துவிடு, காட்டை யாரிடமாவது விட்டுவிடு என்பதும் அந்தப் பேச்சில் இருந்தது.

"வாரேன் கண்ணு. ஆள் பாக்கி கொஞ்சம் இருக்குது, கழிச்சுப் போட்டு வாரேன்."

"அதுக்கெல்லாம் கூலியைக் கொடுத்துட்டு வாம்மா. நான் போன்லயே பணம் அனுப்பறேன்."

"ஏஞ்சாமி, உன்ர போனு வந்து குனிஞ்சு அறுக்குமா?"

பிறகு வீடியோவில் பேரனைக் காட்டச் சொன்னார். பேரன் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். அதோடு சிக்னல் செத்து, படம் அப்படியே நின்றுவிட்டது. கோகிலா போனை அணைக்கவில்லை. நின்றுபோன அந்தச் சிரிப்பைப் பார்த்தபடி பலாமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். அன்று மேல் வீட்டுக்கும் போகவில்லை.

ஊர் தன் பாசத்தைக் காட்டிய விதம் இதுதான்: யாரும் வேலை கொடுக்கவில்லை. பாக்கி கழியாவிட்டால் போக முடியாதல்லவா. "இன்னைக்கு நாள் சரியில்லீங்க" என்றார் இளங்கோ. மறுநாளும் நாள் சரியில்லை. அதற்கடுத்த நாள் அவர் காட்டில் கதிர் முற்றி மணி கொட்டத் தொடங்கியது. பாசத்தைச் சாமை வென்றது, இளங்கோவே ஓடிவந்து கூப்பிட்டார். கோகிலா அறுத்துக் கொடுத்து, உப்பு மறந்த குழம்பை முகம் சுளிக்காமல் ஊற்றிக்கொண்டு, கை கழுவினார். மற்ற வீடுகளும் இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சரணடைந்தன. தேன்மொழி மட்டும் அசையவில்லை.

தேன்மொழி கோகிலாவைவிட இரண்டு வயது சின்னவர். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே அதட்டுவார். பள்ளிக்கூடத்துக்குச் சேர்ந்து மட்டம் போட்டதிலிருந்து எல்லாமே சேர்ந்துதான். "எஞ்சாமை இன்னும் பச்சையா இருக்குதுக்கா" என்றார். கோகிலா வரப்போரம் நின்ற ஒரு கதிரை இழுத்து உள்ளங்கையில் தட்டினார். மணிகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"இதுவா பச்சை?"

"அந்தக் கதிரு ஒண்ணு அவசரக் குடுக்கை. உன்னையாட்ட."

அடுத்த நாள் அரிவாள் மொன்னை என்றார். அதற்கடுத்த நாள் வீட்டுக்குள் இருந்துகொண்டே வீட்டில் இல்லை என்றார். அதற்குள் ஒரு பக்கத்துச் சாமையைக் குருவிகள் காலி செய்துவிட்டன. போனில் சந்தோஷ்குமாரின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. சுமித்ராவின் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார்களாம்.

ஆகவே ஒரு நாள் பனி இறங்கியிருக்கும்போதே கோகிலா யாரும் கூப்பிடாமல் தேன்மொழியின் காட்டில் இறங்கி அறுக்க ஆரம்பித்துவிட்டார். சத்தம் கேட்டுத் தேன்மொழி வாயில் வேப்பங்குச்சியோடு ஓடி வந்தார்.

"ஏனக்கா, எங்காட்டுக்கு உன்னை யாரு கூப்புட்டா?"

"யாரும் கூப்புடலைன்னுதான் வந்தேன். பாதி சாமை குருவிக்கு, பாதி மண்ணுக்குன்னு உட்டுட்டு நீ எதைத் திம்பே?"

"குருவி தின்னா தின்னுட்டுப் போவுது. குருவி என்ன திருப்பூருக்கா போவுது?"

கோகிலா நிமிரவில்லை. ஒரு பிடி, ஒரு அறுப்பு, ஒரு போடு. தேன்மொழி வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அங்க பக்கத்து ஊட்டுக்காரி பேராவது தெரியுமா உனக்கு?"

"போனாத்தானே தெரியும்."

"பேரு தெரிஞ்சா மட்டும் உங்கூட அருவா தூக்கிக்கிட்டு வருவாளா?"

"பனியன் கம்பெனில அருவாளுக்கு என்னடி வேலை?"

தேன்மொழி வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "அதெல்லாம் உடு. அங்க கோவம் வந்தா எங்கக்கா போவே?"

அரிவாள் நின்றது. கோகிலாவுக்குப் பின்னால், மேட்டில், பலாமரம் பனிக்குள் பாதி தெரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"லிப்ட்டு இருக்குதாமா. மேலயும் கீழயும் நாலு வாட்டி போயிட்டு வந்துர்றேன்."

தேன்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் வேறு ஏதோவும் வந்துவிடும் போலிருந்ததால் எழுந்து போய்த் தன் அரிவாளை எடுத்து வந்தார். இரண்டு பேரும் பக்கம் பக்கமாக அறுத்தார்கள். வெயில் ஏற ஏறச் செங்கோடனைத் திட்டினார்கள், யுவராஜ் கடை டீயைத் திட்டினார்கள், குருவியைத் திட்டினார்கள். திட்ட ஆள் தீர்ந்துபோய்ப் பேச்சில்லாமலும் அறுத்தார்கள்.

"எப்பக்கா கெளம்பறே?" என்று சாயங்காலம் கடைசிக் கட்டைத் தூக்கிவிடும்போது தேன்மொழி கேட்டார்.

"நாளைக்கு மொதப் பஸ்ஸு."

தேன்மொழி வீட்டுக்குள் போய் விளக்குப் போட்டார். கோகிலா கைகால் கழுவி உள்ளே வந்து உட்கார்ந்தார். முன்னால் வட்டல் வந்தது. புதுச் சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, ஓரத்தில் கோகிலாவுக்குப் பிடிக்கும் என்று சுட்டு வைத்த கருவாட்டுத் துண்டு. காலையிலிருந்து பழைய சோற்று நீத்தண்ணியைத் தவிர ஒன்றும் இறங்காத வயிறு. ஆவியில் முகம் வியர்த்தது. கோகிலா சோற்றில் கை வைக்கப் போனார். வைக்கவில்லை.

"பசிக்கலை புள்ள" என்றார்.

"நெசமாலுமாக்கா? சாப்புடாமப் போனா பாக்கி..." என்று தொடங்கிய தேன்மொழி பாதியில் நிறுத்திக்கொண்டார். மறுபடியும் சாப்பிடச் சொல்லவில்லை.

கோகிலா பக்கத்திலிருந்த தட்டை எடுத்துச் சோற்றை மூடினார். வெளியே வந்து, இடுப்பிலிருந்த அரிவாளை உருவி, தேன்மொழி வீட்டுக் கூரை விளிம்பின் இறவாணத்தில், கை எட்டுகிற உயரத்தில், பிடி வெளியே தெரிகிற மாதிரி செருகிவிட்டு, பலாமரத்தைப் பார்த்து நடந்தார்.