மீன் பெட்டியோடு முப்பதில் ஓடச் சொன்னேன்

வெயில் ஏறிய நேரத்தில் சூசை அண்ணை தன் மின்சார பைக்கைத் தள்ளிக்கொண்டு, மோட்டர் திருத்தும் என் கடைக்கு வந்தார். பின்னால் மீன் பெட்டி. குருநகரில் மீன் எடுத்து உடுவிலின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் வீடு வீடாக விற்பவர்.

"தம்பி, பற்றறி செத்துப்போச்சு. பாதி மீன் அப்பிடியே கிடக்கு, ஐஸ் கரையுது. சார்ஜ் மிச்சம் பிடிக்கவெண்டு உருட்டுற மாதிரித்தானே போறன்!"

பின்சில்லின் நடுவில் இருந்த மோட்டரைத் தொட்டேன், சுட்டது. தண்ணீர்ப் பம்ப் மோட்டருக்குக் கொயில் கட்டிக் கட்டியே தலை நரைத்தவன் நான். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"உது பெற்றோல் வண்டி இல்லை அண்ணை. பாரத்தோடை ஆமை மாதிரிப் போனா, இழுக்கிற கரண்டெல்லாம் சூடாத்தான் போகும். முப்பது கிலோமீற்றர் வேகத்திலை பிடிச்சு ஓடுங்கோ."

"ஒழுங்கைக்குள்ளையோ?"

"ஓம், அங்கையும்தான்."

கணக்கில் பிழையில்லை. அந்த மோட்டரில் கியர் கிடையாது. நடை வேகத்தில் வீணாகும் கரண்ட், முப்பதை அண்டினால் ஒழுங்காகச் சில்லைச் சுற்றும். மீற்றர் வைத்தே காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

சில கிழமைகள் கழித்து வந்தவரின் முகத்தில் சிரிப்பில்லை.

"பற்றறி பின்னேரம் வரைக்கும் நிக்குது தம்பி. மீனும் பெட்டிக்குள்ளையே நிக்குது. ஹோர்ண் கேட்டுக் கிழவியள் சட்டியோடை வீட்டுப் படலைக்கு வரமுதல் நான் அடுத்த ஒழுங்கையிலை. இப்ப ஒருத்தன் சின்ன வான் ஒண்டிலை மீன் கொண்டுவந்து, படலையடியிலை நிண்டு குடுக்கிறான்."

எனக்குச் சுருக்கென்றது. கியர் உள்ள மோட்டர் ஒன்றை எடுப்பித்துப் பூட்டினேன். அது உள்ளே வேகமாகச் சுற்ற, சில்லு மெதுவாக உருளும். சூடும் குறைவு. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

ஆனால் சனம் வான்காரனுக்குப் பழகிவிட்டது. காலை முழுக்க அவர் ஹோர்ண் அடித்தும் இரண்டு மூன்று படலைகள்தான் திறந்தன. கொஞ்சக் காலம் முக்கிப் பார்த்தார். பிறகு, விற்றுத் தரச்சொல்லிப் பைக்கை என்னிடமே கொண்டுவந்தார்.

"மோட்டரிலை ஒரு குறையும் இல்லை தம்பி. வாங்கிறவனிட்டைச் சொல்லு."

அவர் என்னை ஏசியிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். இப்போது கரையில் கூலிக்கு மற்றவர்களின் மீன் பெட்டி தூக்குகிறார். வழியில் கண்டால் நான்தான் கதைக்கக் கூச்சப்படுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மீற்றரை எடுக்க முதல், அந்த வண்டி போகிற வழியில் ஒருதரம் கூடப் போய்ப் பாருங்கள். நான் போயிருந்தால், சூசை அண்ணை மெதுவாகப் போனது சார்ஜுக்காக மட்டும் இல்லை, சட்டி எடுத்துவரும் கிழவிகளுக்காகவும்தான் என்று கண்டிருப்பேன்.