நடையில் பெட்ரோல்

எனக்கு மூக்கு கொஞ்சம் ஜாஸ்தி. பக்கத்து வீட்டில் குழம்பு அடிப்பிடித்தால் அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இதை வைத்து என் மாமியார் என்னைக் கேலி செய்யாத நாளில்லை. எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம், வாசல் தெளிக்க எழுந்து நடையில் கால் வைத்ததும் பெட்ரோல் வாசனை அடித்தது. ராத்திரி அங்கே ஏற்றியிருந்த அகல்கள் அணைந்து கரி பிடித்துக் கிடந்தன. அவற்றுக்கு ஒரு முழம் தள்ளி மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் அடியில் தரை ஈரமாக இருந்தது.

திருவண்ணாமலையில் பேய்க்கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. வாசல் கதவைத் திறந்தால் மலைதான். வாசலிலிருந்து கூடம் வரை ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரு நடை. அந்த நடையில் சுவரோரமாக என் கணவரின் வண்டி பத்து மாதமாக அசையாமல் நின்றிருந்தது. கார்த்திகை மாதம் முழுக்க அந்திக்கு அந்தி நடையின் இரண்டு பக்கமும் விளக்கு வைக்க வேண்டும் என்பது என் மாமியாரின் சட்டம். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே இருந்த சட்டம் அது. அதில் யாரும் கை வைக்க முடியாது.

என் கணவர் ஓர் உரக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களையும் விவசாயிகளையும் பார்த்து வரும் வேலை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் முழுக்க அவருடைய பொறுப்பு. தை அறுப்பு சமயத்தில் அங்கே தார் ரோட்டிலேயே நெல்லைக் கொட்டிக் காயப்போடுவார்கள். ஒருநாள் சாயங்காலம் திரும்பி வரும்போது அந்த நெல்லில் வண்டி சறுக்கிக் கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்டார். "நெல்லுல சறுக்கிடுச்சு, அவ்ளோதான்" என்று எல்லோரிடமும் ஒரே வார்த்தையாகச் சொன்னார். வண்டிக்கு ஒரு கீறல்தான். யாரோ டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். அன்றைக்கு நடையில் வைத்ததுதான்.

ஆடி மாதத்திலேயே மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. ஆவணியில் நன்றாக நடந்தார். ஆனால் வேலைக்குப் பஸ்ஸில்தான் போனார். பஸ் போகாத ஊர்களை விட்டுவிட்டார். கம்பெனியில் எத்தனை நாள் பொறுப்பார்கள்? வேலூரிலிருந்து மேலதிகாரி வந்து, தீபத்துக்கு மறுநாளிலிருந்து சொந்த வண்டியில் ஊர் ஊராக லைனுக்குப் போகாவிட்டால் அந்தப் பகுதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பகுதி போனால் வேலையும் போனதாகத்தான் அர்த்தம்.

கால் சரியாகிவிட்டது, வண்டி சரியாக இருக்கிறது, அப்புறம் என்ன? இதுதான் என் கேள்வி. இவருக்கு உட்கார்ந்து பழகிவிட்டது என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் வாய்விட்டும் சொன்னேன். எனக்குக் கோபம் வந்தால் கையும் காலும் சும்மா இருக்காது. வண்டியைத் துடைத்தேன். பிளாஸ்டிக் கேனை எடுத்துக்கொண்டு நானே பங்க்குக்குப் போனேன். புடவை கட்டிக்கொண்டு ஒருத்தி பெட்ரோல் கேனோடு நிற்பதைப் பார்த்து அங்கே இருந்தவர்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று வாங்கி வந்து டேங்கில் ஊற்றினேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார். நான் ஊற்றிய மறுநாள் காலையில்தான் அந்த வாசனை.

முதலில் டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் டியூப்பைப் பார்த்தேன். பத்து மாதம் சும்மா கிடந்ததில் காய்ந்து வெடித்திருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் புது டியூப் வாங்கி மாட்டச் சொன்னேன். அவர் மாட்டினார். ரெண்டு நாள் வாசனை இல்லை. மூன்றாம் நாள் மறுபடியும் தரையில் ஈரம்.

மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"அந்த எமன வெளிய தள்ளுடி. வெளக்கு வைக்கிற எடத்துல இன்னா இது?"

"எங்க அத்தை தள்றது? தீபத்துக்கு வர்ற கூட்டத்துல மறுநாளு வண்டி இருக்குமா?"

"இல்லன்னா நல்லதுதான்."

அந்தப் பதில் என் மனதில் முள்ளாகத் தைத்தது. மகன் மறுபடி அந்த வண்டியில் ஏறக் கூடாது என்று அவர் சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

ஒழுகுவது எங்கே என்று பிடிக்க முடியவில்லை. பெட்ரோல் ஓர் இடத்தில் கசிந்து, இரும்பைத் தொட்டுக்கொண்டே ஓடி, வேறோர் இடத்தில் சொட்டும். விரலால் தொட்டுப் பார்ப்பதற்குள் ஆவியாகிவிடும். பூஜை அலமாரியில் விபூதி நிறைய இருந்தது. எங்கள் ஊரில் எந்த வீட்டில் இல்லை? வண்டி முழுக்கத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, டேங்கின் அடிப்பக்கம், பெட்ரோலைத் திறந்து மூடும் டேப், டியூப், கார்புரேட்டர் எல்லாவற்றிலும் விபூதியைப் பூசினேன். ஈரம் பட்ட இடம் கறுத்துக் காட்டிவிடும் என்பது என் கணக்கு. மாமியார் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சாமி விபூதிய எமனுக்குப் பூசறா பாரு!"

கணக்கு பலித்தது. டேங்க் வெள்ளையாகவே இருந்தது. டியூப்பும் அப்படியே. கார்புரேட்டரின் அடியில் இருந்த சின்னக் குழாயைச் சுற்றி மட்டும் விபூதி கரைந்து சேறாகிக் கிடந்தது. மெக்கானிக் பாயை வரவழைத்தேன். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு, பழைய பெட்ரோல் உள்ளேயே காய்ந்து பிசின் மாதிரி ஒட்டியிருக்கிறது, அதனால் பெட்ரோலை அடைக்கிற நீடில் சரியாக உட்காரவில்லை என்றார்.

"புது நீடில் வரவழிக்கணும்மா. தீபம் முடியட்டும், போட்டுத் தர்றேன். அதுவரிக்கும் ஓட்டும்போது தொறங்க, நிறுத்தினா டேப்ப மூடிடுங்க. மூடியிருந்தா ஒரு சொட்டு வராது. நீங்கதான் மூடாம உட்டிருக்கீங்க."

நான் திறக்கவே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். டியூப் மாட்டியபோது இவர் திறந்துவிட்டு மறந்திருப்பார் என்று தோன்றியதால் பேசாமல் இருந்துவிட்டேன். டேப்பை நானே அழுத்தி மூடினேன். அதன் மேல் மறுபடியும் விபூதி பூசினேன்.

ஓர் இரவு கழிந்தது, சொட்டு இல்லை. மறுநாள் காலையும் இல்லை. நான் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினால் வாசலிலேயே வாசனை. டேப் திறந்திருந்தது. அதன் மேல் பூசியிருந்த விபூதியில் விரல் வைத்துத் திருப்பிய தடம் பளிச்சென்று தெரிந்தது.

வீட்டில் நாங்கள் மூன்றே பேர். நான் நேராக அடுக்களைக்குப் போய் மாமியாரிடம் சண்டை பிடித்தேன். உங்கள் பிள்ளையின் வேலை போனால் உங்களுக்குச் சந்தோஷமா, வண்டி ஓடக் கூடாதென்று குழாயைத் திறந்து பெட்ரோலை இறக்கிவிடுகிறீர்களே, தினமும் விளக்கு வைப்பது நீங்கள்தானே, வீட்டோடு எரிந்து போக வேண்டுமா என்று கத்தினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த வண்டியில கொழா இருக்குதுன்னே இப்பதான்டி எனக்குத் தெரியும்."

நான் நம்பவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் இப்படிக் கத்துகிறோம், ஏன் என்றுகூட எழுந்து வந்து கேட்கவில்லை. அதுவும் எனக்குக் கோபம்தான். பாதி காலியான டேங்கில் பிடிவாதமாக மறுபடி பெட்ரோல் ஊற்றினேன். டேப்பை மூடி விபூதி பூசினேன். மாமியாரும் நானும் பேசுவதை நிறுத்திவிட்டோம்.

தீபத்தன்று மத்தியானத்திலிருந்தே சந்தில் கால் வைக்க இடமில்லை. வெளியூர் ஜனம் மலையைப் பார்த்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊரில் உச்சியில் தீபம் ஏறிய பிறகுதான் வீடுகளில் விளக்கு ஏற்றுவோம். முன்னாலேயே எண்ணெய் விட்டுத் திரி போட்டு வரிசையாக வைத்துவிட்டு, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்போம். மலையில் நெருப்பு தெரிந்த நிமிஷத்தில் தெரு முழுக்க விளக்கு ஏறிவிடும். மாமியார் நடையின் இரண்டு பக்கமும் அகல்களை அடுக்கி முடித்துவிட்டு வாசற்படியில் போய் நின்றார். நான் அடுக்களையில் பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன், வெல்லப்பாகு வாசனையில் வேறெதுவும் என் மூக்குக்கு எட்டவில்லை.

இவர் காபி கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கிய கையைப் பார்த்தேன். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் விபூதி. நெற்றியைப் பார்த்தேன். நெற்றியில் ஒன்றுமில்லை. அவர் இன்னும் குளிக்கவே இல்லை, பூஜை அலமாரிப் பக்கம் போகவும் இல்லை.

டேப்பின் மேல் நான் பூசிய விபூதி அது. அதற்குள் வாசலிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"இன்னும் செத்த நேரந்தான்! எல்லாரும் எழுந்துட்டாங்க!"

நடைக்கு ஓடினேன். வாசனை முகத்தில் அடித்தது. டேப் முழுக்கத் திறந்திருந்தது. கார்புரேட்டரிலிருந்து நிற்காமல் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் ஓடிய பெட்ரோல் முதல் அகலைத் தாண்டி இரண்டாவதைத் தொட்டிருந்தது. மாமியார் பெட்டியிலிருந்து குச்சியை எடுத்துவிட்டார்.

"அத்தை, கிழிக்காதீங்க! கிழிக்காதீங்க!"

நான் கத்திய கத்தலில் அவர் கையிலிருந்து தீப்பெட்டி தெருவில் விழுந்தது. இவர் எனக்குப் பின்னால் ஓடிவந்தார். வந்தவர் தரையைப் பார்த்தார், அகல்களைப் பார்த்தார், வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டேப்பை மூடினார். ஹேண்டில்பாரைப் பிடித்தார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். அகல்கள் காலில் பட்டு உருண்டன. எண்ணெயும் பெட்ரோலும் மிதிபட, வழுக்கிக்கொண்டே வண்டியை வாசலுக்கு வெளியே இறக்கினோம்.

அந்த நேரத்தில்தான் உச்சியில் தீபம் தெரிந்தது. மொத்த ஜனமும் கைகளைத் தூக்கி அரோகரா என்றது. வரிசையாக எல்லா வாசலிலும் விளக்கு ஏறியது. எங்கள் வாசலில் மட்டும் இல்லை. எல்லாரும் மலையைப் பார்த்து நிற்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் "வழி உடுங்க, வழி உடுங்க" என்று கெஞ்சிக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போனோம். சந்து முடிகிற இடத்தில், விளக்கு எதுவும் இல்லாத ஒரு மொட்டைச் சுவரோரம் நிறுத்தினோம்.

"நீங்கதானா?" என்று கேட்டேன்.

"ம்."

"எதுக்குங்க?"

"பெட்ரோல் இல்லன்னா நாளிக்குப் போவ வேணாமேன்னு. ரிப்பேருன்னு சொல்லிக்கலாம்னு."

"நடை பூரா வெளக்கு வச்சிருக்காங்களே, பாக்கலியா?"

"பாக்கல. தீபம்னே எனக்கு ஞாபகம் இல்ல."

பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தச் சந்திலேயே பிறந்தவர். கல்யாணத்துக்கு முன் வருஷா வருஷம் நெய் எடுத்துக்கொண்டு மலையேறியவர். வாசலில் அத்தனை ஜனம் உட்கார்ந்திருக்க, அம்மா கண் முன்னால் திரி போட, அன்றைக்குத் தீபம் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. நாளைக்கு அந்த வண்டியில் உட்கார வேண்டும் என்கிற ஒன்றைத் தவிர எதுவுமே ஏறவில்லை. முகத்தைப் பார்த்தேன், அது பொய் இல்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய், பயம்தான் வந்தது.

"நெல்லுல சறுக்கினேன் இல்ல," என்றார். "பின்னாடியே ஒரு லாரி வந்துச்சு. பிரேக் போட்டு நின்னுச்சு. டயரு என் மூஞ்சிக்கு நேரா. சூடு தெரிஞ்சுது. டிரைவர் எறங்கி வந்து, நான் செத்துட்டேன்னு நெனச்சு அழுவுறான். நானும் செத்துட்டேன்னுதான் நெனச்சேன். இப்பவும் வண்டியில காலப் போட்டா அந்தச் சூடு மூஞ்சில அடிக்குது."

பத்து மாதம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. நான் டியூப்பைப் பார்த்தேன், டேப்பைப் பார்த்தேன், கார்புரேட்டரைப் பார்த்தேன். இவரைப் பார்க்கவில்லை.

"நாளிக்குப் போவாதீங்க," என்றேன்.

"வேலை?"

"போனா போவட்டும். இனிமே இதுல ஏறச் சொல்லி நான் கேக்க மாட்டேன்."

அவர் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தார். சுவரோரம் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிறகு வாய்விட்டு அழுதார். அரோகரா சத்தத்தில் அது என்னைத் தவிர வேறு யாருக்கும் கேட்கவில்லை.